மர்ரே ஆத்தங்கரையில கேரவன் பயணம்: ஹ்யூம் ஏரியில இருந்து கூல்வா வரைக்கும், ரெண்டே பேரா

ஆத்தோரம்:

எல்லாருக்கும் வணக்கம். கேரவன் (கார் பின்னாடி மாட்டி இழுக்குற வீட்டு வண்டி) வாங்கலாமா, வாங்கினா எங்க போறதுன்னு இங்க அடிக்கடி கேள்வி வருது, தனித்தனியா பதில் போடுறதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான், பிள்ளைங்க வேலைக்குப் போயாச்சு. மெல்பர்ன்ல இருந்து ஆல்பரி பக்கம் ஹ்யூம் ஏரிக்குப் போயி, அங்க இருந்து மர்ரே ஆத்தை விடாம புடிச்சுக்கிட்டு அது கடல்ல சேர்ற கூல்வா வரைக்கும் போனோம். ஆறு மொத்தம் 2508 கிலோமீட்டர், மேல மலைப்பக்கத்தை மட்டும் விட்டுட்டோம், அந்த வளைவு ரோட்ல வண்டிய இழுத்துட்டுப் போக எனக்கு இஷ்டமில்ல.

ஹ்யூம் அணை வேலைய 1919ல ஆரம்பிச்சு 1936ல முடிச்சாங்க. அப்புறம் அணைய இன்னும் பெருசாக்கும்போது டலங்காட்டான்னு ஒரு ஊரையே 1950கள்ல தூக்கி மேட்டுல கொண்டுபோய் வெச்சுட்டாங்க. தண்ணி குறையும்போது பழைய ஊர் இருந்த இடம் வெளிய தெரியும். கோடை முடியுற நேரம் விவசாயத்துக்கு தண்ணி திறந்து விட்டுடுவாங்க, அப்ப ஏரிக்கரைன்னு போனா சேறும் வெடிப்பும்தான் இருக்கும், அதனால போறதுக்கு முன்னாடி ஏரில எத்தனை பர்சன்ட் தண்ணி இருக்குன்னு பாத்துட்டுப் போங்க.

அடுத்து யாரவோங்கா, மல்வாலா ஏரி. 1939ல வீர், அதாவது ஆத்துக்குக் குறுக்க தடுப்பணை கட்டி தேக்கினது. தேக்கும்போது உள்ள இருந்த ரெட் கம்ங்கிற யூகலிப்டஸ் மரமெல்லாம் அப்படியே நின்னு செத்துப்போச்சு, இன்னைக்கும் தண்ணிக்குள்ள வெள்ளை வெள்ளையா நிக்குது. சாயங்காலம் கொரெல்லாக் கிளிங்க வந்து அந்தக் கட்டைங்க மேல உக்காந்து போடுற சத்தத்துல பக்கத்துல இருக்கவங்க பேசுறது கேக்காது. காபிய கையில வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் பேசாமலே உக்காந்திருந்தோம்.

காப்ரம்ல இருந்து டோகம்வால் வரைக்கும் ஆத்து வளைவுல எல்லாம் மணல் பீச்சுங்க. மணலைப் பாத்ததும் ஓரத்துல கொண்டுபோய் நிறுத்தணும்னு ஆசை வரும், வேண்டாம், கேரவன் டயர் அமுங்கிடும், கெட்டித் தரையில நிறுத்திட்டு நடந்து போங்க.

அப்புறம் பார்மா. 2010ல தேசியப் பூங்காவாச்சு, ஆத்துக்கு அந்தப்பக்கம் மில்லேவாவையும் சேத்தா உலகத்துலயே பெரிய ரெட் கம் காடு. ஆறு அங்க ரொம்பக் குறுகலாப் போறதால கொஞ்சம் தண்ணி கூடினாலே காட்டுக்குள்ள ஏறிடும், அந்த மரங்களுக்கு அதுதான் சாப்பாடு. யோர்டா யோர்டா மக்களோட பூமி அது. ஒரு மரத்துல ஆள் உசரத்துக்கு மேல நீளமா பட்டை உரிச்ச தழும்பு இருந்துச்சு, படகு செய்ய உரிச்சது, சுத்தி புதுப் பட்டை தடிச்சு உதடு மாதிரி மடிஞ்சு வளர்ந்திருக்கு. நான் உள்ள கைய விட்டுப் பாத்தேன், மணிக்கட்டு வரைக்கும் போச்சு. அந்த ஒரு மரத்துக்கிட்டயே ரொம்ப நேரம் நின்னுட்டேன்.

ஆனா அந்த மரத்துக்குக் கீழ கேரவன் போடாதீங்க. காத்தே இல்லாத வெயில் நாள்ல கூட ரெட் கம் திடீர்னு கிளைய உதுத்துடும். நிழல் நல்லா இருக்கேன்னு நிறுத்துறதுக்கு முன்னாடி கீழ பாருங்க, முறிஞ்ச கட்டை கிடந்து அதோட வாய் இன்னும் சிவப்பா இருந்தா சமீபத்துல விழுந்திருக்குன்னு அர்த்தம். மரத்தோட கிளை எவ்வளவு தூரம் விரிஞ்சிருக்கோ அதுக்கு வெளியதான் படுக்கை.

எச்சுகா, ஸ்வான் ஹில், லேக் போகா, மில்டுரா, வென்ட்வொர்த் பத்தி கேட்டா எழுதுறேன். இப்ப இந்த இழைய ஆரம்பிச்சதுக்கு முக்கிய காரணம் ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லிடுறேன். தம்பதியா போறீங்கன்னா ரெண்டு பேருக்குமே கேரவன் இழுக்கத் தெரியணும். நம்மாளுங்க கூட்டத்துல நான் பாத்த வரைக்கும் ஐயா ஓட்டுவாரு, அம்மா சமைப்பாங்க, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி நின்னு கைய காட்டிட்டு திட்டு வாங்குவாங்க. கல்லலரெயின் ஏரில எங்க வீட்டுக்காரருக்கு காலையில இடுப்பு புடிச்சுக்கிச்சு, குனியவே முடியல, பெட்ல இருந்து இறங்குறதே பெரும்பாடு. வண்டிய மாட்டி, மில்டுரா வரைக்கும் இழுத்துட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டினது நான். தெரிஞ்சிருந்ததால அது ஒரு பிரச்சனையாவே தெரியல. தெரியாம இருந்திருந்தா ஏரிக்கரையில உக்காந்து யாராவது வருவாங்களான்னு ரோட்டைப் பாத்துட்டு இருந்திருக்கணும்.

---

ராஜ்_க்ளென்வேவர்லி:

சூப்பர் பதிவு அக்கா, நன்றி. நாங்களும் அடுத்த மாசம் வாங்கலாம்னு இருக்கோம். யூட் (பிக்கப் வண்டி) 3500 கிலோ இழுக்கும்னு விக்கிறவர் சொல்றாரு, நாங்க பாத்த கேரவன் 2500 ஏடிஎம், அப்ப தாராளம் தானே? இந்த ஏடிஎம், ஜிடிஎம், பால் வெயிட் எல்லாம் படிச்சுப் படிச்சு தலை சுத்துது, யாராவது எளிமையா சொல்லுங்களேன்.

---

பனங்கூடல்:

தம்பி ராஜ், நான் கனகாலம் லொறி ஓடினனான், அதாலை சொல்லுறன், 3500 எண்ட அந்த ஒரு இலக்கத்தை மட்டும் பாத்து வாங்கிப்போடாதையுங்கோ.

ஏடிஎம் எண்டால் சாமான், தண்ணி, காஸ் எல்லாம் ஏத்தி, காரிலை கொழுவாமல் தனிய நிக்கேக்கை கேரவன் இருக்கக்கூடிய ஆகக்கூடின எடை. கொழுவினாப்பிறகு அதிலை ஒரு பங்கு காரின்ரை பின்பக்கத்திலை வந்து இருக்கும், அதுதான் பால் வெயிட். மிச்சம் கேரவன்ரை சில்லிலை இருக்கிறது, அதின்ரை உச்ச அளவு ஜிடிஎம். பால் வெயிட் பொதுவா மொத்தத்திலை பத்து வீதம் அளவிலை இருந்தால் நல்லது. 2500 எண்டால் 250 கிலோ. அந்த 250ம் உங்கடை காரின்ரை பாரக் கணக்கிலை கழியும், அதைத்தான் விக்கிற ஆக்கள் சொல்லுறேல்லை. அதுக்கு மேலை நீங்கள் ரெண்டு பேர், பின்னுக்கு ஃப்ரிட்ஜ், முன்னுக்கு புல் பார் எண்ட இரும்புத் தடுப்பு, மேலை ஓனிங் எண்ட நிழல் துணி எண்டு கூட்டிப் பாருங்கோ, மிச்சம் ஒண்டும் இராது. கடைசியா ஜிசிஎம், காரும் கேரவனும் சேர்ந்து இருக்கக்கூடிய எடை. 3500 முழுசா இழுக்க வெளிக்கிட்டால் கனக்க யூட்டுகளிலை காருக்குள்ளை ஏத்த ஒண்டும் மிஞ்சாது.

தண்ணி ஒரு லீட்டர் ஒரு கிலோ. நூறு லீட்டர் தாங்கி ரெண்டை நிரப்பினால் 200 கிலோ. ஆத்தங்கரைக்குப் போற ஆக்கள் குடிக்கிற தண்ணி கொண்டு போகத்தான் வேணும், அதாலை மற்றச் சாமானைக் குறையுங்கோ. எல்லாம் ஏத்திப்போட்டு ஒருக்கா பொது வெயிட்பிரிட்ஜிலை நிறுத்துப் பாருங்கோ, பெரிய காசில்லை.

பாரமான சாமான் சில்லுக்கு மேலை, நிலத்துக்குக் கிட்ட இருக்கவேணும். பின்னுக்கு கொண்டுபோய் ஸ்பேர் டயர், சைக்கிள், டூல் பொக்ஸ் எண்டு தொங்கவிட்டால் ஓட்டத்திலை வால் ஆடத் தொடங்கும். ஆடத் தொடங்கினால் காரின்ரை பிறேக்கை அமத்தக் கூடாது, ஸ்டியறிங்கை வெட்டவும் கூடாது. அக்சிலறேற்றரிலை இருந்து காலை எடுத்துப்போட்டு, கையாலை இயக்கிற கேரவன் பிறேக் கொன்றோலரை மட்டும் மெதுவா அமத்துங்கோ, கேரவன் பின்னுக்கு இழுத்து நேர் ஆகும். அந்தக் கொன்றோலர் எங்கை இருக்கெண்டு கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரியவேணும். உங்கடை மனுசிக்கும் தெரியவேணும், தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி.

---

சிட்னி_குமரன்:

எல்லாம் சரி, ஆனா ஒரு மாற்றுக் கருத்து. கேரவன் விலை, ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், இழுக்கும்போது குடிக்குற டீசல் எல்லாம் கூட்டினா நல்ல மோட்டல்ல தங்கிட்டே இதே ஆத்தைப் பாத்துடலாம். அப்படியே கேரவன் இருந்தாலும் காசில்லாம காட்டுல தங்குற ஃப்ரீ கேம்ப்ல என்ன இருக்கு, டாய்லெட் கிடையாது, கரன்ட் கிடையாது, சிக்னல் கிடையாது. என் மனைவிக்கு ஷவர் இல்லாம ஒரு நாள் கூட ஆகாது. எச்சுகா, மில்டுரா எல்லாம் ஆத்தோரமே அருமையான கேரவன் பார்க் இருக்கு, கரன்ட், வெந்நீர் எல்லாம் உண்டு. காட்டுக்குள்ள போய் ஏன் கஷ்டப்படணும்?

---

ஆத்தோரம்:

குமரன், காசுக் கணக்கு போட்டா நீங்க சொல்றது சரிதான், வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்குறவங்களுக்கு மோட்டலோ வாடகை கேரவனோ போதும், அதை நான் மறுக்கல. ஆனா மோட்டல் எல்லாம் ஹைவே மேல இருக்கு, ஆறு இருக்குறது அங்க இருந்து உள்ள. விடியற்காலை மூடுபனி தண்ணி மேல இருந்து எந்திரிக்கும்போது நீங்க அங்க இருக்கணும்னா ராத்திரி அங்கதான் தூங்கியிருக்கணும்.

நாங்க கலந்துதான் செய்வோம். சில ராத்திரி காட்டுல, அப்புறம் ஒரு பார்க்ல, துணி துவைக்க, பேட்டரி ஏத்த, கேசட் டாய்லெட்டை (கழட்டி எடுக்குற கழிவுத் தொட்டி) அதுக்குன்னு இருக்குற டம்ப் பாயின்ட்ல காலி பண்ண. அதைக் கண்ட எடத்துல கொட்டுறதுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது, அந்த ஆத்துத் தண்ணியத்தான் கீழ உள்ள ஊரெல்லாம் குடிக்குது. பாத்திரம் கழுவுன தண்ணியும் அப்படித்தான், சோப்புத் தண்ணிய ஆத்துல விடாதீங்க.

கரன்ட் பத்தி ஒண்ணு சொல்றேன், நம்ம சமையலுக்கு இது உதவும். மிக்ஸி 750 வாட்ஸ். 12 வோல்ட் பேட்டரில இருந்து இன்வெர்ட்டர் வழியா எடுத்தா கிட்டத்தட்ட 70 ஆம்ப் இழுக்கும், கேக்க பயமா இருக்கும், ஆனா அஞ்சு நிமிஷம் சட்னி அரைச்சா செலவு ஆறு ஆம்பியர் ஹவர்தான். 200 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி வெச்சிருந்தா அது ஒண்ணுமே இல்ல, மேல சோலார் பகல்ல திருப்பி ஏத்திடும். பேட்டரிய தின்னுறது ஃப்ரிட்ஜும் ஹீட்டருக்கு இருக்குற ஃபேனும்தான். இட்லி மாவை வீட்ல அரைச்சு டப்பாவுல பாதி வரைக்கும் மட்டும் ஊத்தி கார் பின்சீட்டுல வெச்சுட்டேன், யாரவோங்கா போய் சேர்றதுக்குள்ள பொங்கி மூடிய முட்டிடுச்சு. அரிசி, பருப்புக்கு குக்கர், கேஸ் அடுப்பு, அவ்வளவுதான். உள்ள அடுப்பு எரியும்போது குளிர்னு ஜன்னலை எல்லாம் சாத்திடாதீங்க, அடுப்பு எரியும்போது வர்ற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, ஆளை முடிச்சுடும்.

---

டான்டினாங்_மீனவன்:

மீன் புடிக்கப் போறவங்களுக்கு. விக்டோரியா பக்கம் கரையில நின்னு தூண்டில் போட்டாலும் மர்ரே ஆறு நியூ சவுத் வேல்ஸுக்குத்தான் சொந்தம், எல்லை நம்ம பக்கத்துக் கரை மேல போகுது. அதனால நியூ சவுத் வேல்ஸ் லைசென்ஸ் வேணும். மல்வாலா ஏரிக்கும் அதேதான். ஹ்யூம் ஏரிக்கு மட்டும் விக்டோரியா லைசென்ஸ். மர்ரே காட்ங்கிற மீனை செப்டம்பர்ல இருந்து நவம்பர் முடிய புடிக்கவே கூடாது, முட்டை போடுற காலம். மத்த மாசத்துல 55ல இருந்து 75 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா மட்டும் வெச்சுக்கலாம், பெருசா மாட்டினா விட்டுடணும், பெரிய மீன்தான் அதிகமா குஞ்சு பொரிக்கும். தெற்கு ஆஸ்திரேலியா போயிட்டா சட்டம் வேற, அங்க தனியா பாத்துக்கோங்க. கார்ப் மாட்டினா திருப்பி விடாதீங்க, அது ஆத்துக்குக் கேடு.

அப்புறம் அணைக்குக் கீழ தண்ணி எதிர்பாக்காத அளவுக்கு சில்லுன்னு இருக்கும், ஹ்யூம்ல அடித்தண்ணிய திறக்குறதால. மேல பாத்தா அமைதியா ஓடும், அடியில மரக்கட்டை கிடக்கும். ஆஸ்திரேலியாவுல அதிகம் பேர் மூழ்குற ஆறுகள்ல இது முன்னாடி நிக்குது. எந்த வளைவா இருந்தாலும் தலைகீழா டைவ் அடிக்காதீங்க, பீர் குடிச்சிட்டு இறங்கவே இறங்காதீங்க.

---

நித்யா_அடிலெய்ட்:

ஆத்தோரம் அக்கா, எங்க ஊர்ப்பக்கம் வரைக்கும் வந்திருக்கீங்க! மில்டுரால இருந்து ரென்மார்க் வர்றவங்க ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. ஸ்டர்ட் ஹைவேல யாம்பான்னு ஒரு செக்போஸ்ட் இருக்கு, பழ ஈ கட்டுப்பாடு. ரிவர்லேண்ட் பூரா ஆரஞ்சும் திராட்சையும், ஒரு புழு வெச்ச பழம் உள்ள வந்தாலும் விவசாயி தலையில கல்லு. நம்ம வீட்ல ஃப்ரிட்ஜ்ல எப்பவும் இருக்குற தக்காளி, பச்சை மிளகாய், கத்திரிக்காய் எல்லாமே அந்த ஈ முட்டை போடுறதுதான். மறந்துட்டேன்னா விடமாட்டாங்க, ஃபைன் போடுவாங்க. முந்தின நாள் ராத்திரியே இருக்குற தக்காளிய எல்லாம் வதக்கி தொக்கா பண்ணிடுங்க, சமைச்சதுக்கு பிரச்சனை இல்ல. இந்தப்பக்கம் வந்து பெர்ரிலயோ ரென்மார்க்லயோ புதுசா வாங்கிக்கோங்க, எங்க ஊர்க் கடைக்காரங்களுக்கும் வியாபாரம் ஆகும்.

பார்மெரா பக்கம் போனி ஏரி கட்டாயம் போங்க. 1964ல டொனால்ட் கேம்பல் தண்ணில வேக சாதனைக்கு முயற்சி பண்ணது இங்கதான், கடைசில சாதனை பண்ணது மேற்கு ஆஸ்திரேலியாவுல வேற ஏரில. பழைய ஹோட்டல் சுவர் இடிஞ்சு கிடக்கும், அது பின்னாடி சூரியன் மறையுறதைப் பாக்க எல்லா கேரவனும் ஒரே பக்கம் திரும்பி நிக்கும்.

இங்க ஆத்தைக் கடக்க பாலம் கம்மி, கேபிள் ஃபெர்ரிதான், வைகெரி, மோர்கன், ஸ்வான் ரீச், மன்னம்னு வரிசையா இருக்கு. 24 மணி நேரமும் ஓடும், காசு கிடையாது. கேரவனோட ஏறலாம், ஏத்துறவர் கை காட்டுற இடத்துல நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டா போதும், ஏறும்போது சரிவுல கேரவன் பின்பக்கம் உரசுதான்னு மட்டும் ஒருத்தர் இறங்கிப் பாத்துக்கோங்க. 2022 கடைசில வந்த வெள்ளம் 1956க்கு அப்புறம் இங்க வந்த பெரிய வெள்ளம், அப்ப ஃபெர்ரி எல்லாம் நின்னு போச்சு, கரையோரம் நிறைய வீடு போச்சு. எங்களுக்குத் தெரிஞ்சவங்களோட ஆத்தோர விடுமுறை வீடும் போச்சு. நீங்க வந்து ஒரு ராத்திரி தங்கி ஒரு பேக்கரில சாப்பிட்டாலே இந்த ஊருங்களுக்கு அது பெருசு, அதனால வேகமா அடிலெய்டுக்கு ஓடிடாதீங்க.

---

பனங்கூடல்:

ஒரு சின்ன விசயம் சேர்க்கிறன். மில்டுராவிலும் ரென்மார்க்கிலும் நீர்ப்பாசனம் தொடங்கினது 1887இலை, கனடாவிலை பிறந்து, கலிபோர்னியாவிலையிருந்து வந்த சாஃபி சகோதரர். அவையளைக் கொண்டுவரப் பின்னுக்கு நிண்டவர் அல்ஃபிரட் டீக்கின், பிறகு பிரதமராயும் வந்தவர். அந்தாள் 1890இலை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போய் எங்கடை குளங்களையும் வாய்க்கால்களையும் பாத்துப் படிச்சுக்கொண்டு வந்தவர். வாய்க்கால் வழிய திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணி போறதைப் பாக்கேக்கை எனக்கு எங்கடை ஊர் ஞாபகம்தான்.

நுளம்புக்கு கவனம். 2022 தொடக்கத்திலை இந்த ஆத்துப் பக்கத்திலை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்தது, ரொஸ் றிவர் காய்ச்சலும் இருக்கு. போக முதல் ஜிபியிட்டை (குடும்ப டொக்டரிட்டை) தடுப்பூசி வேணுமோ எண்டு கேளுங்கோ, பொழுதுபடேக்கை முழுக்கைச் சட்டை போடுங்கோ.

---

கவி_ஜீலாங்:

அக்கா, உங்க முதல் பதிவுல கடைசில எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். எங்க வீட்லயும் இவர்தான் இழுப்பாரு, நான் கேட்டா "உனக்கெதுக்கு, நான் பாத்துக்குறேன்"னு சொல்லிடுவாரு, பாசத்துலதான் சொல்றாரு, ஆனா எனக்கும் உள்ளுக்குள்ள பயம் இருக்கு, அதனால நானும் விட்டுடுறேன். ரிவர்ஸ் நினைச்சாலே கை வேர்க்குது. நீங்க எப்படி கத்துக்கிட்டீங்க?

---

ஆத்தோரம்:

கவி, முன்னாடி இழுக்குறது பெரிய விஷயமே இல்லம்மா. வளைவுல அகலமா எடுக்கணும், பிரேக் சீக்கிரமா ஆரம்பிக்கணும், பின்னாடி லாரி ஹாரன் அடிச்சா கவலப்படாம உன் வேகத்துல போகணும். லாரிக்காரங்களோட ரேடியோல சேனல் 40ல பேசலாம், கேரவன்காரங்க பொதுவா 18ல இருப்பாங்க. முந்திப் போகட்டும்னு சொன்னா அவங்களே நன்றி சொல்லிட்டுப் போவாங்க.

ரிவர்ஸுக்கு ஒரே ஒரு விஷயம் மனசுல பதிஞ்சா போதும். ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்துல கைய வை. கேரவனோட பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ கைய அந்தப் பக்கம் நகத்து. இடது பக்கம் போகணுமா, கை இடது பக்கம். கொஞ்சம் நகத்தினா போதும், கேரவன் திரும்ப ஆரம்பிச்ச உடனே திருப்பி எடுத்துடு, இல்லைன்னா மடங்கிக்கும். மடங்குற மாதிரி இருந்தா அடம் புடிக்காத, முன்னாடி இழுத்து நேராக்கிட்டு மறுபடி ஆரம்பி. எத்தனை தடவை வேணா முன்னாடி இழுக்கலாம், யாரும் மார்க் போடப் போறதில்ல. முடிஞ்ச வரைக்கும் டிரைவர் சீட் பக்கமா, அதாவது வலது பக்கமா திரும்புற இடத்தை தேர்ந்தெடு, அப்ப கண்ணால நேராப் பாக்கலாம்.

பின்னாடி நிக்குறவங்க கண்ணாடில தெரியுற இடத்துல நிக்கணும், "வா வா வா"ன்னு கத்துறது உதவாது. நாங்க ஆளுக்கொரு வாக்கி டாக்கி வெச்சிருக்கோம், "டிரைவர் பக்கம்", "பாசஞ்சர் பக்கம்", "நிறுத்து", மூணே வார்த்தை. இடது வலதுன்னு சொன்னா யாரோட இடதுன்னு சண்டை வரும்.

மாட்டுறதையும் நீயே முழுசா செய், அவர் பக்கத்துல நின்னு பாக்கட்டும். கேரவன் முனையில இருக்குற கப்ளிங்கை கார் பின்னாடி இருக்குற உருண்டை (பால்) மேல இறக்கி பூட்டு விழுந்துச்சான்னு ஜாக்கி வீலை, அதாவது கேரவன் முன்பக்கத்துச் சின்னச் சக்கரத்தை, லேசா ஏத்திப் பாரு, கார் பின்பக்கமும் சேந்து எந்திரிக்கணும், அப்பதான் மாட்டியிருக்கு. சங்கிலி ரெண்டையும் கீழ குறுக்கா போடு. பிரேக்அவே கம்பிய (கேரவன் கழண்டுட்டா தானா பிரேக் போட வைக்கிறது) காரோட மாட்டு, சங்கிலியோட மாட்டாத. ப்ளக், லைட், கேரவன் ஹேண்ட்பிரேக், ஜாக்கி வீல், படி, மேல ஜன்னல். எங்க வீட்டுக்காரர் முதல்ல உன் வீட்டுக்காரர் சொன்ன மாதிரியேதான் சொன்னாரு, அந்த இடுப்பு வலிக்கு அப்புறம் இப்ப பாதி தூரம் நான் ஓட்டுறேன், அவர் பக்கத்து சீட்ல உக்காந்து ஆத்தைப் பாத்துட்டு வர்றாரு, அவருக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

---

ராஜ்_க்ளென்வேவர்லி:

பனங்கூடல் அண்ணா, கணக்கு போட்டுப் பாத்தேன். நீங்க சொன்ன மாதிரி பால் வெயிட், நாங்க ரெண்டு பேர், ஃப்ரிட்ஜ், புல் பார் எல்லாம் கழிச்சா யூட்ல மிச்சம் ரொம்பக் கம்மி. 2500 வேண்டாம்னு முடிவு பண்ணி 2000க்குள்ள ஒண்ணு பாக்குறோம். மனைவியும் டெஸ்ட் டிரைவுக்கு வர்றா, அவளும் இழுத்துப் பாக்கணும்னு சொல்லிட்டா. எந்த மாசம் போனா நல்லது?

---

ஆத்தோரம்:

ராஜ், நல்ல முடிவு. ஜிடிஎம் 2000 தாண்டினா பிரேக்அவே சிஸ்டம் வேற கட்டாயம், அதுக்குள்ள இருந்தா உங்களுக்கு எல்லாமே சுலபம். மார்ச்ல இருந்து மே வரைக்கும் போங்க, ஜனவரில மில்டுரா பக்கம் 40 டிகிரி தாண்டும், தீ தடை நாள்ல கேம்ப்ஃபயரும் கிடையாது. மத்த நாள்ல தீ போட்டா மண்ணைப் போட்டு மூடாம தண்ணி ஊத்தி, கையால தொட்டுப் பாக்குற அளவுக்கு அணைச்சுட்டுப் போங்க. ஈஸ்டர் வாரம் எச்சுகா பக்கம் இடமே கிடைக்காது, அந்த வாரத்தைத் தள்ளி வெச்சுக்கோங்க. முதல் தடவைக்கு ஹ்யூம் வேண்டாம், எச்சுகால ஆரம்பிச்சு ஸ்வான் ஹில் வரைக்கும் போதும், 150 கிலோமீட்டர் சொச்சம்தான், ரெண்டு பேரும் மாறி மாறி ஓட்டலாம். வழியில டோரம்பரி லாக்ல (படகுங்களை ஏத்தி இறக்குற மதகு) நிறுத்திப் பாருங்க. ஸ்வான் ஹில்லுக்குக் கொஞ்சம் முன்னாடியே லேக் போகா, இரண்டாம் உலகப் போர்ல கேட்டலினா கடல் விமானம் ரிப்பேர் பண்ண இடம், ஒண்ணை மியூசியத்துல வெச்சிருக்காங்க. மழை பெய்ஞ்சா ஆத்தங்கரை மண் ரோட்டுப் பக்கம் போகாதீங்க, அந்தக் களிமண் ஈரமானா ஃபோர் வீல் டிரைவே தவிக்கும், கேரவனோட மாட்டினா காயுற வரைக்கும் அங்கதான். அந்த மாதிரி நாளுக்கு குமரன் சொன்ன கேரவன் பார்க்தான் சரி.

---

கவி_ஜீலாங்:

அக்கா, இந்த ஞாயித்துக்கிழமை காலையில ரயில்வே ஸ்டேஷன் கார் பார்க் காலியா இருக்கும், அங்க போய் பழகப் போறோம். இவரும் சரின்னுட்டாரு. வாக்கி டாக்கி ஆர்டர் போட்டாச்சு.

---

ஆத்தோரம்:

ரொம்ப சந்தோஷம்மா. நாலு தண்ணி கேனை மூலைக்கு ஒண்ணா வெச்சு அதுக்குள்ள நிறுத்திப் பழகு, இடிச்சாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. எப்படிப் போச்சுன்னு இங்கயே எழுது.